மாளிகை கண்ட மதுவும் கொட்டில் கண்ட கள்ளும்

திருநெல்வேலிச் சந்தையைக் கடந்து பலாலி வீதி வழியாகக் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் செல்பவர்கள் செம்மண் தோட்டங்களிடையே இரண்டு தாவரங்களைக் காண்பர். ஒன்று, தூண் நாட்டிக் கம்பி கட்டிய பந்தலிற் படர்ந்திருக்கும் முந்திரிகைக் கொடி. பிற நாட்டுத் தமிழர் திராட்சை என்பதை நம்மவர் முந்திரிகை என்றே வழங்குவர். மற்றொன்று, எவரும் நீரூற்றாமல், எவரும் பந்தலிடாமல், காணி எல்லையிலும் கோயில் வெளியிலும் தானாகவே வளர்ந்து நிற்கும் பனை. இரண்டும் இனிய சாறு தருவன. இரண்டின் சாறும் புளித்தால் மதுவாகும். அவ்வாறு புளிக்கச் செய்யும் நுண்ணுயிரும் ஒரே இனத்தைச் சேர்ந்ததே. விஞ்ஞானம் இவ்விரண்டுக்குமிடையே உயர்வு தாழ்வு காண்பதில்லை.

ஆயின் சமுதாயம் காண்கிறது. திராட்சை மதுவென்றால் நாகரிகம், கள்ளென்றால் இழிவு. திராட்சை மதுவுக்கு வரலாறு உண்டு, கட்டடக்கலை உண்டு, ஆண்டுவாரியான ஏடுகள் உண்டு, அழகிய வண்ணப்படங்கள் உண்டு. கள்ளுக்கு என்ன உண்டு? வேலிக்கு அப்பால் ஒரு கொட்டில். அதிலே குடித்துவிட்டு எறியப்படும் ஓலைப் பிளா. நமது படித்த நண்பர்கள் சிலர் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்ட மாளிகைகளின் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றனர். "அவர்கள் ஒரு மதுவைக்கூட எவ்வளவு பெரிய கலையாக்கி வைத்திருக்கிறார்கள்! நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு விடை கூற வேண்டியது நம் கடமை. ஒரு மதுவுக்கு மாளிகையும் மற்றொரு மதுவுக்குக் கொட்டிலும் எவ்வாறு வந்து சேர்ந்தன? சுவையினாலா, சாற்றின் தன்மையினாலா? அன்று. நிலம் யாருடையது, சட்டம் யாருடையது, கல்லால் வீடு கட்டும் உரிமை யாருடையது என்பவற்றினாலேயே இவ்வேறுபாடு விளைந்தது என்கிறோம் நாம்.

* * *

முதலில் அந்த மாளிகைகளையே சற்று உற்று நோக்குவோம்.

பிரான்சின் தென்மேற்கே போர்டோ நகருக்கு வடக்கில் சாந்த் எஸ்தேப் என்றொரு ஊர் உண்டு. அங்கே கோஸ் தெஸ்தூர்னெல் என்ற தோட்டம் இருக்கிறது. அதன் முகப்பை முதன்முறை காணும் நம்மவர் திகைத்துப்போவர். கீழைத்தேயக் கோயில்களை நினைவூட்டும் அடுக்குக் கூரைக் கோபுரங்கள் மூன்று. சான்சிபார்த் தீவின் அரண்மனையொன்றிலிருந்து வந்ததென்று சொல்லப்படும், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த பெருங்கதவு. கட்டியவர் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல். 1762இல் பிறந்து 1853இல் இறந்தவர். தமது மதுவை இந்தியாவுக்குக் கப்பலேற்றி விற்றவர். அந்த வாணிகத்தின் நினைவாகவே கீழைத்தேயக் கோபுரங்களை எழுப்பினார். சாந்த் எஸ்தேப்பின் மகாராஜா என்று ஊரார் அவருக்குப் பட்டம் சூட்டினர்.

இந்தக் கட்டடத்தின் உள்ளே யார் வாழ்ந்தனர்? ஒருவரும் இல்லை. அது மனிதர் வாழும் வீடன்று; மது வாழும் வீடு. சாறு புளிக்கும் தொட்டிகளும் மிடாக்கள் உறங்கும் கூடங்களுமே அதன் உள்ளடக்கம். மனிதன் தங்குவதற்கு ஓர் அறைகூட இல்லாத அரண்மனையை மதுவுக்காக எழுப்பிய சமுதாயம் அது. அக்கோபுரங்களுக்குத் தம் சாயலைத் தந்த இந்திய நாட்டு மக்கள் அக்காலத்தில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் கூறவும் வேண்டுமோ? கிழக்கின் வடிவம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கிழக்கின் மனிதன் வேண்டியிருக்கவில்லை.

அழகு இல்லையென்று நாம் சொல்லவில்லை. அழகு உண்டு. ஆயின் அந்த அழகு ஒரு விளம்பரப் பலகையும் ஆகும். கடன் சுமையினால் 1852இல் தெஸ்தூர்னெல் தம் தோட்டத்தை இலண்டன் வங்கிக்காரர் ஒருவருக்கு விற்றார். மூன்றே ஆண்டுகளின் பின், 1855இல், பாரிசுக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியனின் ஆட்சி போர்டோ மதுக்களைத் தரம் பிரித்தபோது அத்தோட்டம் இரண்டாம் தரத்தில் வைக்கப்பட்டது. அத்தரப்பிரிவின் அளவுகோல் யாது? சந்தையிலே ஒவ்வொரு மதுவும் நெடுங்காலமாகப் பெற்றுவந்த விலை. தரகர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து வரிசைப்படுத்தினர். விலையின் வரிசை மரபின் வரிசையாயிற்று. மரபின் வரிசை பண்பாட்டின் வரிசையாயிற்று. இன்றும் உலகெங்கும் பக்தியோடு ஒப்பிக்கப்படும் பட்டியல் அதுவே. அந்நூற்றாண்டிலே 'ஷாத்தோ', அதாவது மாளிகை, என்ற சொல் புட்டிச் சீட்டிலே ஏறி மதுவின் விலையையும் ஏற்றிவிட்டது. சாதாரண பண்ணை வீடுகூடப் புட்டியின் மேலே மாளிகையாயிற்று.

மூலதனம் எங்கிருந்து வந்தது? போர்டோ, பிரான்சின் பெரிய அடிமை வாணிகத் துறைமுகங்களுள் ஒன்று. ஏறத்தாழ ஐந்நூறு கப்பற் பயணங்கள் அங்கிருந்து புறப்பட்டு, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்க மக்களைச் சங்கிலியிட்டு அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டுசென்றன. மதுவும் மாவும் தீவுகளுக்குச் சென்றன. அடிமைகள் விளைவித்த சீனியும் கோப்பியும் திரும்பி வந்தன. அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி நகரத்து மாடங்களாயிற்று. ஒரு பகுதி திராட்சைத் தோட்டங்களாயிற்று. மாளிகையின் தூண்களைப் பற்றி எழுதும் ஏடுகள், அத்தூண்களின் அடியிலே கிடப்பது எது என்பதை மிக அண்மைக்காலம் வரை எழுதவில்லை.

திராட்சைக் கொடியைக் கத்தரித்தவனும் கூடை சுமந்தவளும் அம்மாளிகைகளின் வரலாற்றிலே எங்கே? அவர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதினர். 1907ஆம் ஆண்டில், தெற்கே லாங்டொக் பிரதேசத்தில், மலிவான மதுவும் கலப்பட மதுவும் சந்தையை நிறைத்துக் கொடிக்காரர்களைப் பட்டினியில் தள்ளியபோது, சிறு உடைமையாளரும் கூலியாட்களும் வீதிக்கு இறங்கினர். மார்செலின் ஆல்பேர் என்ற கிராமத்துக் கடைக்காரர் முன்னின்றார். ஜூன் 9ஆம் நாள் மொம்பெலியே நகரில் ஐந்து இலட்சம் மக்கள் திரண்டனர் என்பர். கிளமென்சோவின் அரசு படையை அனுப்பியது. நார்பொன்னில் மக்கள் சுடப்பட்டு மாண்டனர். ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்த பதினேழாம் காலாட்படையினர் தம் உறவினர்மேல் துப்பாக்கி நீட்ட மறுத்துக் கலகம் செய்தனர். அம்மாத இறுதியிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம் பிறந்தது. மதுவின் தூய்மை என்று இன்று பெருமையாகப் பேசப்படுவதிலே ஒரு பங்கு அந்தப் பட்டினி மக்களின் இரத்தத்தால் வந்தது. எந்தப் புட்டிச் சீட்டிலும் அது பொறிக்கப்படவில்லை.

* * *

இனி நம் பனைக்கு வருவோம்.

வடலி வளர்ந்து பாளை விடப் பல ஆண்டுகள் செல்லும். தந்தை காத்த மரத்தை மகன் காணுகிறான். வருடத்தின் முற்பகுதியில் பாளை வெளிவரும்போது சீவல் தொழிலாளி காலிலே தளநாரை மாட்டி, இடையிலே கத்திக்கூட்டைக் கட்டி, முட்டியைத் தொங்கவிட்டு ஏறுகிறான். பாளையைக் கட்டி, பொல்லினால் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மயிரிழை அளவுக்குச் சீவுகிறான். அதிகம் சீவினால் பாளை பாழ். குறையச் சீவினால் சாறு இல்லை. ஆண்பனைக்கு ஒரு பக்குவம், பெண்பனைக்கு மற்றொரு பக்குவம். முட்டியினுள்ளே சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள். இந்த அறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்பட்டதன்று. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு வந்தது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஐம்பது அடி உயரமுள்ள பத்து மரங்களைக் காலையும் மாலையும் ஏறும் ஒருவன் நாளொன்றுக்கு ஆயிரம் அடி ஏறி ஆயிரம் அடி இறங்குகிறான். ஒன்பது நாள் முடிவதற்குள், இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுறுதாலகாலையின் 8,281 அடியை அவன் ஏறிக் கடந்துவிடுகிறான். மலையேறியவனுக்கு மாலை சூட்டுகின்றோம். மரமேறியவனுக்கு? தவறி விழுந்தால் அவன் மனைவி மக்களுக்குக் கண்ணீர்.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். "கள்ளை ஒரு நாளுக்குமேல் வைக்க முடியாது, அது புளித்துக் காடியாகிவிடும். திராட்சை மதுவோ ஆண்டுக்கணக்கில் இருக்கும். இருக்கக்கூடியதற்குக் கூடம் வேண்டும், கூடம் மாளிகையாயிற்று. இது இயற்கையின் நியதி. இதிலே வர்க்கத்தையும் சாதியையும் ஏன் இழுக்கிறீர்கள்?" என்பர்.

இத்தடையில் உண்மையின் ஒரு கூறு உண்டு. அதை நாம் மறைக்கப்போவதில்லை. சேமிக்கக்கூடிய பொருளே மூலதனமாகிறது. அன்றன்று அழியும் பொருள் அன்றன்றைய கூலியாகவே நின்றுவிடுகிறது. மிடாவிலே உறங்கும் மது வட்டி குட்டிபோடும் பணத்தைப் போன்றது. முட்டியிலுள்ள கள்ளோ மாலைக்குள் விற்றாக வேண்டிய உழைப்புச் சக்தியைப் போன்றது. விற்பவன் பேரம் பேச முடியாது; வாங்குபவன் காத்திருக்க முடியும். இது மெய்.

ஆயின் திராட்சை மது தன் இயல்பினாலேயே நிலைபெற்றது என்பது பொய். அதுவும் கெட்டுப் புளித்து வாணிகரை அழவைத்தது. 1863இல் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டதன்பேரில் லூயி பாஸ்டர் அந்த நோயை ஆராய்ந்து, 1866இல் மதுவைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதே காலத்தில் பிலொக்சரா என்ற சிறு பூச்சி கொடியின் வேரைத் தின்று பிரான்சின் தோட்டங்களையே அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரிலே பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் அத்தொழிலைக் காப்பாற்றினர். விஞ்ஞானிகள் உழைத்தனர், அரசாங்கம் பணம் கொடுத்தது, சட்டம் துணை நின்றது. இயற்கை கைவிட்ட இடத்திலே அரசும் அறிவும் கைகொடுத்தன. ஏனெனில் தோட்டத்தின் சொந்தக்காரர்கள் அரசின் காதருகே இருந்தனர்.

பனையேறியின் குரல் எந்த அரசின் காதருகே இருந்தது?

* * *

வரலாற்றைப் புரட்டுவோம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டுச் சரியென ஒப்பினர். அந்தத் தேசவழமையிலே காணிக்கும் சீதனத்துக்கும் ஈட்டுக்கும் விதிகள் உள்ளவாறே, அடிமைகளுக்கும் விதிகள் உள்ளன. பனையேறிய மக்களுட் பெரும்பாலோர் அந்த அடிமைப் பிரிவிலேயே அடக்கப்பட்டனர். இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1844இல்தான். சட்டம் ஒழிந்ததே தவிர, காணி மாறவில்லை. மரம் ஒருவனுடையது, ஏறும் கால்கள் மற்றொருவனுடையவை. மரத்துக்கு வாடகை செலுத்தி, குடியிருக்கும் துண்டு நிலத்துக்கு விசுவாசம் செலுத்தி, எஞ்சியதிலே உயிர்வாழ்ந்தான் சீவல் தொழிலாளி. தனக்கென்று காணி இல்லாதவன் கல்வீடு கட்டுவது எங்கே? காணி வாய்த்தவனும் தலைநிமிர்ந்து கட்டினால் ஊர் பொறுத்ததா? செருப்பும் குடையும் மேலாடையும் மறுக்கப்பட்டிருந்த மனிதர் மாளிகை எழுப்பவில்லையே என்று கேட்பது, காலை வெட்டிவிட்டு நடனம் ஆடவில்லையே என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டு மது எவருக்கும் மாளிகை கட்டவில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். கட்டியது! ஆங்கிலேயர் ஆட்சியில் சாராயம் காய்ச்சும் உரிமையும் விற்கும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டன. தெற்கே தென்னஞ் சாராயக் குத்தகையால் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றாகிய சொய்சா குடும்பத்தினர், 1870இல் எடின்பரோக் கோமகனுக்குக் கொழும்பிலே பொற்கலங்களில் விருந்து வைத்தனர். விருந்து நிகழ்ந்த மாளிகை அவர் பெயராலேயே அல்பிரட் மாளிகை எனப்பட்டது. குமாரி ஜெயவர்த்தன, 2000இல் வெளிவந்த தமது நூலிலே இந்தச் சாராயக் குத்தகைக்கும் இலங்கைப் பூர்ஷ்வா வர்க்கத்தின் பிறப்புக்கும் உள்ள உறவை விரிவாக விளக்கியுள்ளார். வடித்தால் சாறு கெடாது, கெடாத சாறு குவியும், குவிந்தது மாளிகையாகும். போர்டோவின் விதியே கொழும்பிலும் செயற்பட்டது. ஆனால் மரத்திலிருந்து சாறு இறக்கியவனின் பெயர் இரண்டிடத்தும் இல்லை.

யாழ்ப்பாணத்தின் கட்டடக்கலை என்று நாம் பெருமை பேசும் நாற்சார் வீட்டையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், முன்னே தலைவாசல், படலையிலே கூரை. வெயிலையும் மழையையும் நன்கு அறிந்து கட்டிய வீடு. அதன் அழகை எவரும் மறுக்கார். அவ்வீட்டின் முகட்டைத் தாங்கும் வளையும் சிலாகையும் வைரம் பாய்ந்த பனை. கூரைக்குப் பனையோலை, வேலிக்குப் பனைமட்டை, கிணற்றிலே பனந்துலா, அடுக்களையிலே பனங்கட்டியும் ஒடியலும் பனாட்டும். வீடு முழுவதும் பனை. ஆனால் பனையேறியவன்? அவன் படலைக்கு வெளியே. தலைவாசலும் முற்றமும் உள்வீடும் என்று அமைந்த அந்தப் படிவரிசை காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மட்டும் வகுக்கப்பட்டதன்று. யார் எதுவரை வரலாம் என்பதற்கும் வகுக்கப்பட்டது. கல்லிலே எழுதிய சாதிச் சட்டம் அது.

இரவானதும் அந்த வீட்டுப் பெரியவர் வேலியைக் கடந்து கொட்டிலுக்கு வருவார். குந்தியிருந்து பிளாவிலே குடிப்பார். கள்ளுக்குத் தீட்டில்லை, கள்ளிறக்கியவனுக்குத் தீட்டு. விடிந்ததும் அதே மனிதன் தன் கிணற்றிலே தண்ணீர் அள்ளினால் அடிப்பார். உலகில் வேறெந்த நாட்டு மதுவிலாவது இத்தகைய புளிப்பு உண்டோ?

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது, நம் காலடி நிலத்தையும் மறந்துவிடலாகாது. இன்று பல்கலைக்கழகம் நிற்கும் இடத்தில் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் கல்விக்குச் செய்த கொடையை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயின் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற கோரிக்கை டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் எழுந்தபோது, அதை எதிர்த்து நின்றவரும் அவரே. 1931இல் நடைமுறைக்கு வந்த அந்த உரிமையைப் பனையேறியின் கையிலே கொடுக்கலாகாது என்ற மனப்பான்மை தனியொருவருடையதன்று, ஒரு வர்க்கத்தினுடையது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாடசாலையிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று அரசு கட்டளையிட்டபோது குடாநாட்டிலே பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஆசிரியத் தோழர்களே, நம் தொழிலின் வரலாற்றிலே இந்தச் சாம்பலும் உண்டு.

அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தவர்களும் உண்டு. சிறுபான்மைத் தமிழர் மகாசபை எழுந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே உறங்கியபோது, 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். பொலிசின் தடியடி அவர்களை வரவேற்றது. தேநீர்க்கடை வாங்குக்காகவும் மாவிட்டபுரம் கோயில் வாசலுக்காகவும் அடுத்த ஆண்டுகளில் போராட்டம் நடந்தது. லாங்டொக் மக்களின் 1907 எதுவோ, நம் பனைமக்களின் 1966 அதுவே. முன்னதை வியக்கும் நாம் பின்னதை மறந்தால், நம் முற்போக்கு வெறும் மேற்பூச்சு.

* * *

குடாநாட்டிலே திராட்சை மதுவும் இல்லாமற் போகவில்லை. வசாவிளானை அடுத்த தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் துறவியர் மடம், திராட்சை பயிரிட்டுப் பூசைக்கான மதுவைத் தன் கையாலேயே செய்துவந்தது. பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்தில், சித்தோ மடத்துத் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து குளோ த வூஜோ தோட்டத்தை வளர்த்ததை இது நினைவூட்டும். போர்க்காலத்தில் வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமானபோது அத்துறவிகளும் ஏனைய மக்களைப் போலவே இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கிறோம். நம் வினா அவர்களை நோக்கியதன்று, ஊரை நோக்கியது. துறவியின் கைபட்ட சாறு பீடத்தில் ஏறுகிறது. கனவானின் கைபட்ட சாறு விருந்து மேசையில் ஏறுகிறது. பனையேறியின் கைபட்ட சாறு மட்டும் ஏன் வேலிக்கு வெளியே நிற்கிறது? சாற்றிலே பேதமில்லை, கையிலேதான் பேதம் காணப்படுகிறது.

"அப்படியானால் குடியைப் போற்றுகிறீர்களா?" என்று சிலர் சீறுவர். இல்லை. கூலியில் பாதி தவறணையிலே கரைவதையும், அதனால் பெண்களும் பிள்ளைகளும் படும் துன்பத்தையும் நாம் அறிவோம். மதுவின் அடிமைத்தனத்தை எதிர்ப்பது முற்போக்காளரின் கடமை. ஆனால் புட்டியை வாழ்த்தி முட்டியைச் சபிக்கும் ஒழுக்கம் ஒழுக்கமன்று. அது சாதியின் முகமூடி. வெளிநாட்டுப் புட்டி வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியிலே அலங்காரமாக நிற்கும் வீட்டில், கள்ளைப் பற்றிய நீதிபோதனை செய்யப்படுவதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

"தொழிலாளியின் மகனே இன்று மரமேற விரும்பவில்லையே!" என்பார் இன்னொருவர். அவன் விரும்பாதது நியாயமே. அவன் பாட்டன் ஏறினான் என்பதற்காக அவனும் ஏற வேண்டும் என்று கோருவது பிறப்பால் தொழில் வகுக்கும் பழைய கொடுமை. நாம் கேட்பது அதுவன்று. ஏற விரும்புபவன் எச்சாதியானாயினும் ஏறட்டும். ஏறுபவனுக்குப் பாதுகாப்பான கருவியும் விபத்துக் காப்புறுதியும் முதுமைக்கால ஓய்வூதியமும் நியாய விலையும் கிடைக்கட்டும். மரத்தின் பயனிலே உழைப்பவனுக்கு உரிமைப் பங்கு இருக்கட்டும்.

இது கற்பனையன்று. 1970களின் முற்பகுதியில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டபோது, குத்தகைக்காரனின் பிடி தளர்ந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. வடமராட்சியிலே திக்கம் வடிசாலை எழுந்தது. அன்றன்று அழியும் கள்ளைக் கெடாத பொருளாக்கி, அதன் பயனை இறக்கியவனுக்கே சேர்ப்பது என்ற எண்ணம் அந்த முயற்சிகளுக்கு அடிப்படையாயிருந்தது. பிறகு போர் வந்தது. காவலரணுக்காகவும் பதுங்குகுழிக்காகவும் இலட்சக்கணக்கான பனைகள் வெட்டுண்டன. ஷெல்லடியிலே தலையிழந்து நின்றவை எத்தனையோ. திராட்சைத் தோட்டக்காரனுக்கும் வேறொரு அடி முன்னரே விழுந்திருந்தது. 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் தலைநிமிர்ந்த யாழ்ப்பாணத்து விவசாயி, 1977இன் திறந்த பொருளாதாரத்தால் வெங்காயத்திலும் மிளகாயிலும் பழத்திலும் அந்நியப் பண்டத்தோடு மோத வேண்டியவனானான். கொடியானாலும் பனையானாலும் உழைப்பவனைத் தாக்கும் கை ஒன்றே.

போர் 2009இல் ஓய்ந்தது. இன்று பாரம்பரியம் என்ற சொல் நம் ஊரிலே நல்ல விலைபோகிறது. பழைய நாற்சார் வீடுகள் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாகின்றன. பழையன காக்கப்படுவதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அந்த முற்றத்திலே அமர்ந்து, அழகிய கோப்பையிலே குளிர்ந்த கள்ளைப் பருகும் பயணிக்கு அவ்வீட்டின் முழு வரலாறும் சொல்லப்படுமா? கள்ளைக் கொண்டுவந்தவன் முன்னர் எவ்விடத்தில் நிறுத்தப்பட்டான் என்று காட்டப்படுமா? சாந்த் எஸ்தேப்பின் கோபுரங்களைப் போலவே, இங்கும் வடிவம் மட்டும் காக்கப்பட்டு மனிதன் மறைக்கப்படுவானாயின், அப்பாரம்பரியம் ஒரு பொய்.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் கேட்பது இது. பழைய வீடொன்றின் தூணையும் கதவையும் அளந்து வரையும் மாணவன், அந்த வளையையும் சிலாகையும் தறித்துச் செதுக்கியவர் யார், அவர் குடியிருந்த கொட்டில் எங்கே என்பதையும் சேர்த்து எழுதட்டும். தளநார், பாளைக்கத்தி, முட்டி, பிளா என்ற சொற்களையும் அவற்றைக் கையாண்டோரின் அனுபவத்தையும், முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் பதிவுசெய்யட்டும். கருப்பநீரையும் கள்ளையும் ஆராயும் விஞ்ஞானி, தம் ஆராய்ச்சியின் பயன் ஏற்றுமதிக்காரனுக்குப் போகிறதா, மரமேறுபவனுக்குப் போகிறதா என்று கேட்கட்டும். வகுப்பிலே பிரெஞ்சுப் புரட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர், 1966 ஒக்டோபரையும் அதே வகுப்பிலே கற்பிக்கட்டும். தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தனியாரின் கைக்கு நழுவிச் செல்ல எத்தகைய முயற்சி நடந்தாலும், நாம் தொழிலாளரின் பக்கத்தில் நிற்போம்.

"நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்ட நண்பர்களுக்கு விடை இதுதான். நம்மிடம் பனை இருக்கிறது. அதன்மேல் நாள்தோறும் ஏறி இறங்கிய மக்களின் வரலாறு இருக்கிறது. மாளிகை இல்லாமையால் அந்த வரலாறு இல்லாமற் போகவில்லை. மாளிகை ஏன் இல்லை என்பதே அந்த வரலாற்றின் முதல் அத்தியாயம். அதை எழுதத் தொடங்குவோம். அடுத்த அத்தியாயத்தை எழுதும் கை, பாளைக்கத்தி பிடித்துக் காய்த்த கையாக இருக்கட்டும்.